நெல்மணி உயரத்தில் நாற்பது பேர்

பகலில் பல் செய்கிறேன்.
தக்கலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில்,
பீங்கான் பொடியைக் குழைத்து
யாரோ ஒருவரின் கடைவாய்க்கு மஞ்சள் ஏற்றுவது தொழில்.
ராத்திரி வீட்டில் அதே பூதக்கண்ணாடி,
மூன்று சுழி போட்ட தூரிகை.
ஈயச் சிப்பாய்கள் தபாலில் வந்திருக்கிறார்கள்,
ஒருவன் ஒரு நெல்மணி உயரம்.

குளச்சல். ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்று.
டச்சுக்காரர்களுக்குப் பஞ்சமில்லை,
நீலக் கோட்டு எந்தக் கம்பெனியிலும் கிடைக்கிறது.
நம்மாட்களைத்தான் யாரும் வார்க்கவில்லை.
வேறெந்த நாட்டுப் படையையோ வாங்கி
தொப்பியை அரத்தால் தேய்த்துக் குடுமியாக்கினேன்,
கால்சட்டைமேல் வெள்ளை தடவி முண்டாக்கினேன்.
குப்பியில் 'சதை நிறம்' என்று ஒட்டியிருப்பது
அவன் சதை.
நமக்குக் காப்பித்தூள் நிறத்தில் ஒரு சொட்டு நீலம்;
ஈறுக்கு நிறம் சேர்க்கிற கணக்குதான்.
கண் வைப்பதில்லை. வைத்தால்
மொத்தப் படையும் பேயைக் கண்டதுபோல் முழிக்கும்.

அடிப்பலகைக்கு மணவாளக்குறிச்சி மணல்.
அதையும் பழைய வேட்டியில் சலிக்கவேண்டும்;
தப்பிவந்த ஒரு பருக்கை
இவர்கள் முன்னால் பாறை.
பெட்டியில் நழுவாமலிருக்க அடியில் காந்தம் ஒட்டினேன்.
கறுப்பு மணல் முள்ளாய்ச் சிலிர்த்து அதில் ஏறிக்கொண்டது,
இன்னும் இறங்கவில்லை.

சாரல் மாசம். வார்னிஷ் பூத்துப்போய்
ஒரு பட்டாளம் முழுக்க ஒரே ராத்திரியில் நரைத்தது.
சவத்தெ,
மறுபடி கறுப்பிலிருந்து தொடங்கினேன்.

கடைசியாய் அந்த நாற்பது பேர்.
துப்பாக்கி போதாமல், மீன்பிடிக்கிறவர்களைக் கூப்பிட்டு
தோளில் துடுப்போடு கரையில் நிறுத்தினார்களாம்,
கப்பலிலிருந்து பார்ப்பவன் எண்ணிக்கொள்ளட்டும் என்று.
நடந்ததோ, நடந்ததாகச் சொல்வதோ.
குண்டூசி முனையைச் சுத்தியலால் தட்டித் துடுப்பாக்கி
ஒவ்வொரு தோளிலும் ஒட்டினேன்.
மூன்று வாரம்.

அமலதாசன் வந்து பார்த்தான். குளச்சல்காரன்,
சொந்தத்தில் வள்ளம் உண்டு,
எங்கள் ஆட்டத்தில் எப்போதும் டச்சுக்காரன்.
ஏனென்று கேட்டால், "அவன்கிட்டதான் மக்கா நல்ல பீரங்கி."
ஒருவனைக் கண்ணருகே தூக்கிப்பிடித்தான்.
"துடுப்ப தலைகீழா குடுத்திருக்க.
பலகை மேல போவணும். இது என்ன, தோசைத் திருப்பியா?"
என் ஸ்கேலைத் தோளில் சாய்த்து
அறைக்குள் நாலடி நடந்து காட்டினான்.
அவன் போனதும்
நாற்பதையும் பிடுங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை, அவனுக்குப் பூசை முடிந்து,
சாப்பாட்டு மேசையில் கடற்கரை.
எங்கள் விதிப்படி துடுப்புக்காரனுக்குச் சண்டை மதிப்பு பூஜ்யம்.
இருபது சென்டிமீட்டருக்குள் எதிரி வந்துவிட்டால் குட்டு உடையும்,
நாற்பது பேரையும் எடுத்துப் பெட்டியில் வைக்கவேண்டும்.
இந்த விதியை எழுதியதே அவன்தான்.

நாலாவது சுற்றில் நீலக் கோட்டுகள்
இருபத்திரண்டில் வந்து நின்றன.
இடதுபக்கம் என்னிடம் வேறெதுவும் இல்லை.
பகடையைக் கைக்குள் வைத்துக்கொண்டு
மேசை விளிம்புவரை கண்ணை இறக்கி
அலையில் ஆடுகிறவன்போல் லேசாக ஆடிக்கொண்டு பார்த்தான்.
உதட்டசைவில் எண்ணினான்.
டீயில் ஆடை கட்டியது.
பிறகு முன்வரிசையை ஒற்றை விரலால்
பின்னுக்குத் தள்ளினான்.
"நாப்பது துப்பாக்கி," என்றான். "ஏற முடியாது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
"உன் முறை," என்றான்.

அவனுடைய பைக் சத்தம் தேய்ந்த பிறகு
விளக்கை அணைக்குமுன் கதவிலிருந்து திரும்பிப் பார்த்தேன்.
எது துடுப்பு, எது துப்பாக்கி,
இங்கிருந்து எனக்கே தெரியவில்லை.
காலையில் ஒரு முன்பல்லுக்கு நிறம் சொல்லவேண்டும்.
நகக்கண்ணில் கறுப்பு மணல்.